அண்ணாந்து பார்க்காத ஊர்

"இனிமே இந்தக் கல்லுமேட்டுல எவனாவது சிக்னலுக்காக அண்ணாந்து பாத்தான்னு வெச்சுக்கோ, அன்னைக்கே என் பேரை மாத்திக்கிறேன்!"

களத்துமேட்டில் ஊரே கூடி நிற்க, இருட்டிலும் பளபளக்கும் பச்சைச் சட்டையைப் பகலில் போட்டுக்கொண்டு ராஜாங்கம் இதைச் சொன்னபோது மணி காலை ஒன்பதே கால். கைதட்டல் கோழிப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. கைதட்டிய அத்தனை பேரும் அந்நேரம் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அது வேடிக்கைக்காக அண்ணாந்தது, சிக்னலுக்காக அல்ல. ஆகவே கணக்கில் சேராது என்று ராஜாங்கமே பின்னர் விளக்கம் தந்தார்.

பெரிய மனிதர்களின் வரலாற்றைப் பிறந்த நட்சத்திரத்தில் தொடங்குவது வழக்கம். ராஜாங்கத்தின் வரலாற்றை அவர் விட்ட சவால்களின் வரிசையில் சொல்வதே முறை. அவர் வாழ்க்கையில் தேதிகள் தவறலாம், சவால்கள் தவறியதில்லை. நிறைவேறியதுதான் இல்லை.

முதலில் ஊரைச் சொல்லிவிடவேண்டும். கண்டாச்சிபுரத்திலிருந்து முகையூர் போகும் வழியில் உள்ளே பிரிந்து போனால் கல்லுமேடு. நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளையும், பேருந்து நாளைக்கு நான்கு தடவை வரும், செல்போன் சிக்னல் மட்டும் வராது. டவர் அதிக தூரத்தில் இல்லை. டவருக்கும் ஊருக்கும் நடுவே கோழிப்பாறை என்கிற குன்று குந்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பாறையை நகர்த்தவோ டவரை நகர்த்தவோ கோரி ஊர்மக்கள் கொடுத்த மனு எதுவும் இன்றுவரை நிராகரிக்கப்படவில்லை. பரிசீலனையில் இருக்கிறது.

இந்தப் பாறைக்கு எதிராகத் தன் வாழ்நாளை அர்ப்பணித்தவர்தான் ராஜாங்கம். இருபத்தோராவது வயதில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். "இனிமே இந்த ஊருக்குத் தபால்காரர் வரவேண்டிய வேலையே இல்ல" என்று திறப்பு விழாவில் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து தபால்காரர் தவறாமல் வந்தார், பூத்தின் டெலிபோன் பில்லை எடுத்துக்கொண்டு. பிறகு கேபிள் டிவி. "இனிமே சினிமாவுக்குன்னு ஒருத்தன் ஊரைத் தாண்ட மாட்டான்." கோழிப்பாறைக் குரங்குகள் அந்தக் கேபிளைத் தங்களுக்காகவே கட்டிய ஊஞ்சல் என்று எடுத்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமைப் படங்களின் கடைசிக் காட்சியை ஊர் பெரும்பாலும் ஒலியாக மட்டுமே அனுபவித்தது. அதற்கும் பிறகு, சிக்னலே இல்லாத ஊரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தார். காலைக்கும் மாலைக்குமாக ஒவ்வொரு ரீசார்ஜுக்கும் அவரே தண்ணீர் டேங்க் மேல் ஏறி இறங்கியதில், அந்த இரண்டு ஆண்டுகளில்தான் அவர் உடம்பு நன்றாக இருந்தது என்று மனைவி ருக்கு இன்றும் சொல்வார்.

கடைசியாக ட்ரோன். திண்டிவனத்தில் பத்து நாள் தங்கிப் பயிற்சி எடுத்து, வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்றை ஓட்டத் தொடங்கினார். இந்தத் தொழில் மட்டும் அவரை ஏமாற்றவில்லை. மூன்று ஆண்டுகளாக மயிலம் பக்கம்வரை போய் மருந்தடித்துவிட்டு வந்தார். ட்ரோன் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. காரணம் என்ன என்று கேட்டவர்களிடம், வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதுதான் என்று உண்மையைச் சொன்னார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. விழுப்புரம் பேருந்தின் முன்விளக்கு இரண்டுக்கும் பொட்டு வைக்காமல் எந்த டிரைவராவது வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்திருக்கிறாரா?

இனி, களத்துமேட்டில் ஏறிய அந்த இணைய ட்ரோன் வருவதற்கு முன்பு கல்லுமேடு உலகத்தோடு எப்படித் தொடர்பு வைத்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஏரிக்கரையை ஒட்டித் தண்ணீர் டேங்க். டேங்க் உச்சியில் முப்பதடி மூங்கில் ஒன்று. அதன் தலையில் ஒரு சின்ன உருளை, உருளையில் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வலைப்பை. போனில் அனுப்பவேண்டியதை அமுக்கிவிட்டு, போனை வலைப்பையில் போட்டு, சுதந்திர தினக் கொடியை ஏற்றுவதுபோல மேலே இழுப்பார்கள். மூங்கிலின் நுனி கோழிப்பாறையின் தோளைத் தாண்டி டவரை எட்டிப் பார்க்கும். பத்து நிமிடத்துக்குள் மேலேயிருந்து 'டிங்' என்று சத்தம் வரும். இறக்கிக்கொள்ளலாம். இதற்குச் செல்கம்பு என்று பெயர்.

செல்கம்பை அதிகம் பயன்படுத்தியவர் ருக்கு. அவர்தான் ஊரில் நூறு நாள் வேலையின் பொறுப்பாளர். ஏரியில் மண் அள்ளும் முப்பத்தேழு பேரையும் காலையில் நிற்கவைத்து அரசாங்கத்தின் செல்போன் செயலியில் ஒரு படம் எடுக்கவேண்டும், நாலு மணி நேரம் கழித்து இன்னொரு படம். இரண்டும் அன்றைக்கே போய்ச் சேரவேண்டும். ஒன்று போகாவிட்டாலும் முப்பத்தேழு பேரும் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்றாகிவிடும். ஏரியில் வெட்டிய பள்ளம் தானாக விழுந்தது என்று வைத்துக்கொள்ளவேண்டியதுதான். போனை எடுத்துக்கொண்டு கண்டாச்சிபுரம் ஓடி அனுப்பிவிடவும் முடியாது. ஏரியைவிட்டு அப்பால் போனால் அந்தச் செயலிக்குத் தெரிந்துவிடும், வாங்காது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் சென்னைக் கம்பெனி ஒன்று சோதனை முயற்சியாக இணைய ட்ரோனைக் கொண்டுவந்தது. கூட வந்த இன்ஜினீயர் ஜெகதீசனுக்கு இருபத்தெட்டு வயது. எதைச் சொன்னாலும் பொறுமையாக மூன்று தடவை சொல்வார். உள்ளூரில் ட்ரோன் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தார். ஊர் ஒரே குரலில் ராஜாங்கத்தைக் காட்டியது. கம்பெனியின் பளபளக்கும் பச்சைச் சட்டை அன்றே கைமாறியது. அதற்குப் பிறகு அதை அவர் கழற்றியதை யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் ஏற்றத்தின்போது பாஞ்சாலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களிலேயே வாய் நீளமானவர் அவர்.

"ராஜாங்கண்ணா, அதுக்கு இன்னாத்துக்குக் கயிறு கட்டிக்கீறீங்க? அவுத்துக்கினு ஓடிடுமா?"

"அது கயிறு இல்ல பாஞ்சாலி, ஒயரு. கீழ இருந்து கரண்டு அது வழியாதான் ஏறுது. அதனால எறங்காமயே நிக்கும். நாலு பனை உசரம். அங்க நின்னுக்கினு டவரைப் பாக்கும், நம்மளையும் பாக்கும்."

"யம்மாடி, நம்மளப் பாக்குமா? அப்ப புடவைய ஒழுங்கா கட்டிக்கினு வரணுமே."

"அந்தப் பார்வை இல்ல தங்கச்சி. சிக்னல் பார்வை."

அன்று ட்ரோன் மேலே போய் நின்றதும் ஊரிலிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின. மூன்று ஆண்டுகளாக வானத்தில் காத்துக் கிடந்த காலை வணக்கங்களும், பொங்கல் வாழ்த்துகளும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்ற எச்சரிக்கைகளும் மளமளவென்று இறங்கின. முத்துசாமி என்பவர் எப்போதோ நடந்து முடிந்து, குழந்தையும் பிறந்து, காதும் குத்தியாகிவிட்ட ஒரு கல்யாணத்துக்கு அன்றுதான் அழைப்பிதழ் பெற்றார். கட்டாயம் வருவதாகப் பதிலும் அனுப்பினார்.

தொடர்ந்து ஆறு நாள் ராஜாங்கத்தின் பொற்காலம். காலை எட்டு மணிக்கு ட்ரோனை ஏற்றுவார், மாலை ஆறு மணிக்கு இறக்குவார். நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இணையத்துக்காகத் தன்னை வணங்கிவிட்டுப் போகிறவர்களுக்குத் தலையசைப்பார். சவால் பொய்க்கவில்லை. ருக்கு ஏரிக்கரையிலேயே நின்று படத்தை அனுப்பினார். குனிந்த தலை நிமிராமல் அனுப்பினார்.

ஆறாம் நாள், மறுநாள் கம்பெனியின் பெரியவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. களத்துமேட்டில் பந்தல் போட ஏற்பாடாயிற்று. நடுக்காலுக்கு நல்ல உயரமாக ஒரு மரம் தேவைப்பட்டது. ராஜாங்கம் டேங்க் மேல் ஏறிச் செல்கம்பை அவிழ்த்து இறக்கினார்.

"இன்னாங்க, அது பாட்டுக்கு அங்க இருக்கட்டுமே. சோறா போடறோம் அதுக்கு?" என்றார் ருக்கு.

"ரயிலு வந்த பொறவு எவனாவது மாட்டு வண்டிய வாசல்ல நிறுத்தி வெப்பானா?"

"ரயிலு வந்தா இன்னா, மாட்டை வித்துடணுமா?"

ராஜாங்கம் மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டார். வரலாற்று நாயகர்களுக்கு வீட்டில் மதிப்பிருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். செல்கம்பு பந்தலின் நடுக்காலானது. வலைப்பையை ருக்கு சின்ன வெங்காயம் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார். பந்தலின் முகப்பில் 'வானிலிருந்து வந்த வரம்' என்று எழுதிய பேனர் ஏறியது. அதில் ட்ரோனைவிட ராஜாங்கத்தின் முகம் சற்றுப் பெரியதாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ட்ரோன் எட்டு மணிக்கு ஏறியது. ஒன்பதரைக்கு ருக்குவின் காலைப் படம் போய்ச் சேர்ந்தது. பத்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து ஜெகதீசன் பேசினார்.

"அண்ணா, மூணு மணிக்கு எல்லாரையும் கூட்டிக்கினு வர்றேன். நீங்க எதையும் தொடவேணாம். முக்கியமா, அடியில ரெண்டு கண்ணாடி இருக்கு பாருங்க, அதைத் துணியால கூடத் துடைக்காதீங்க. துடைக்காதீங்க அண்ணா. துடைக்கவே வேணாம்."

"துடைக்க மாட்டேன் தம்பி. சத்தியமா."

அவர் வாக்குத் தவறவில்லை. துடைக்கவில்லை. பொட்டுதான் வைத்தார்.

யோசித்துப் பார்த்தால் அவர் மேல் குற்றம் சொல்ல இடமில்லை. வெளியூர்ப் பெரியவர்கள் வரும் நாள், அதுவும் வெள்ளிக்கிழமை, ஊர்க்கண் முழுவதும் ஆறு நாளாக அந்த இயந்திரத்தின் மேல் விழுந்திருக்கிறது. பொட்டில்லாமல் அதை எப்படி மேலே நிறுத்திவைப்பது? பத்தரைக்கு ராகு காலம் வேறு. அவசரமாக ட்ரோனை இறக்கி, கற்பூரம் காட்டி, பழம் சுற்றிப் போட்டு, நாலு இறக்கைக்கும் நாலு பொட்டு வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். அடியில் அந்த இரண்டு கண்ணாடிகளும் பேருந்தின் முன்விளக்கைப் போலவே உருண்டையாக அவரைப் பார்த்தன. கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து, தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் இட்டார். பத்து இருபத்தைந்துக்கு ட்ரோன் மங்களகரமாக எழுந்தது.

அந்தக் கண்ணாடிகள் வழியாகத்தான் ட்ரோன் தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிறது. ஈரச் சந்தனம் என்னவோ முதலில் கொஞ்சம் வழிவிட்டிருக்கிறது. மேலே போகப் போகக் காற்றில் காய்ந்து கெட்டிப்பட்டது. கண்ணெதிரே கெட்டியாக ஏதோ நிற்பதைக் கண்ட ட்ரோன், தரை வந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தது. தரை வந்ததும் இறக்கையை நிறுத்திவிடவேண்டும் என்பது அதற்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். இரண்டு பனை உயரத்தில், கடமை முடிந்த நிம்மதியோடு, அது இறக்கையை நிறுத்தியது.

தரை அதற்கப்புறம்தான் வந்தது.

நல்லவேளையாக ட்ரோன் விழுந்தது மல்லாட்டைக் கொடிப் போரின் மேல். யாருக்கும் அடியில்லை. போரின் நிழலில் படுத்திருந்த நாய் ஒன்று மட்டும் முகையூர் திசையில் ஓடியது, மாலைவரை திரும்பவில்லை. ராஜாங்கம் கொடிகளை விலக்கிப் பார்த்தார். இரண்டு இறக்கை முறிந்திருந்தது. சந்தனப் பொட்டு கலையாமல் இருந்தது.

"ஒண்ணுமில்ல, சர்வீஸுக்காக எறக்கி வெச்சிருக்கேன்" என்று கூடியவர்களிடம் அறிவித்தார். ட்ரோன் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தினார். ஜெகதீசனுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தார். போனில் சிக்னல் இல்லை. இருக்காது என்பது அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று வாசகங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். காற்று என்று ஆரம்பிப்பது ஒன்று. குரங்கு என்று ஆரம்பிப்பது இன்னொன்று.

ஒன்றே முக்காலுக்கு ஏரியிலிருந்து ருக்கு வந்தார், கையில் போனோடு. பின்னாலேயே பாஞ்சாலியும், மண் காயாத கால்களோடு பத்துப் பதினைந்து பேரும்.

"இன்னாண்ணா, ஜல்தியா மேல ஏத்துங்க. வெயில்ல நின்னு பல்லைக் காட்டிக்கினு ரெண்டாவது போட்டோவும் எடுத்தாச்சி. போவ மாட்டேங்குது" என்றார் பாஞ்சாலி. வேட்டி போர்த்திய உருவத்தைப் பார்த்தார். "ஐயையோ, இது இன்னா கோலம்? சங்கு ஊதச் சொல்லலாமா?"

"சும்மா இரு பாஞ்சாலி. அது சர்வீஸ்ல இருக்குது. நாளைக்கு ரெடியாயிடும்."

"நாளைக்கு நாங்க இன்னிக்கி வேலை செஞ்சதா ஆயிடுமா?"

ராஜாங்கம் ருக்குவைப் பார்த்தார். "படத்தை எடுத்துக்கினு நான் வண்டியில கண்டாச்சிபுரம் போய்..."

"ஏரிய வுட்டு நகர்ந்தா எடுத்துக்காது. உங்களுக்குத் தெரியாததா?" ருக்கு குரலை உயர்த்தவில்லை. "ஆடி மாசம் இதே மாதிரி ஒரு நாள் போச்சு. அம்பிகா மூணு மாசக் கைப்புள்ளைய வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வந்து மண்ணு சொமந்தா. சாயந்தரம், நீ வரவே இல்லன்னு அவகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். இன்னொரு தபா என்னால சொல்ல முடியாதுங்க."

அம்பிகா கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் குழந்தை பச்சைச் சட்டையின் பளபளப்பைப் பிடிக்கக் கை நீட்டியது.

"மூணு மணிக்குப் பெரியவங்க வர்றாங்க ருக்கு."

"வரட்டுமே. நான் வேணாம்னா சொன்னேன்?"

ருக்கு பந்தலின் நடுக்காலை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பில் சொருகியிருந்த வலைப்பையை எடுத்து உதறினார். இரண்டு வெங்காயச் சருகு உதிர்ந்தது.

ஆக, பை தயாராகத்தான் வந்திருந்தது.

ராஜாங்கம் பந்தலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வாழைமரம், மாவிலைத் தோரணம், வாடகைக்கு எடுத்த நாற்காலிகள், வானிலிருந்து வந்த வரம். நடுக்காலை உருவினால் இவை எல்லாம் என்ன ஆகும் என்று அறிய இன்ஜினீயர் தேவையில்லை. பச்சைச் சட்டையைக் கழற்றினார். மடித்தார். நாற்காலியின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். நேற்று அவரே போட்ட முடிச்சுகள். நன்றாக இறுக்கிப் போட்டிருந்தார்.

மூங்கில் வெளியே வந்ததும் பந்தல் மெதுவாக, கூட்டத்தில் தூங்கி விழுகிறவரைப் போல, தலையைத் தொங்கப்போட்டது. பேனர் நடுவில் மடிந்தது. அதிலிருந்த ராஜாங்கத்தின் முகத்தில் மீசைக்குமேல் எதுவும் மிச்சமில்லை.

மூங்கிலின் ஒரு நுனியை அவர் தோளில் வைத்தார். மறு நுனியை யாரும் சொல்லாமலே பாஞ்சாலி தூக்கிக்கொண்டார். டேங்க் ஏணிக்கு ஐம்பத்திரண்டு படி. ரீசார்ஜ் கடைக் காலத்தில் அதை அவர் ஒரே மூச்சில் ஏறியதுண்டு. இப்போது மூன்று இடத்தில் நின்றார். கீழேயிருந்து கயிற்றில் கட்டிவிட்ட மூங்கிலை மேலே இழுத்து, பழைய இரும்பு வளையத்தில் சொருகிக் கட்டினார். உருளை கிறீச்சிட்டது. அதே கயிற்றில் போன் வந்தது. அனுப்பு என்பதை அமுக்கி, வலைப்பையில் வைத்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். பை ஏறியது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. சத்தம் வரவில்லை. மூங்கில் ஒரு நாள் பந்தல்காலாக இருந்ததில் நுனியில் லேசாக வளைந்திருந்தது.

"ராஜாங்கண்ணா!" கீழேயிருந்து பாஞ்சாலியின் குரல் வந்தது. "பேரை இன்னா மாத்தலாம்னு அப்பறமா உக்காந்து பேசிக்கலாம். இப்போ கம்பைக் கொஞ்சம் கெழக்கால சாய்ங்க!"

சாய்த்தார். இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை டேங்க் சுவரில் முட்டுக்கொடுத்து, அசையாமல் நின்றார். வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

சாலை வளைவில் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. களத்துமேட்டுக்கு அருகில் வந்து, தொங்கும் பந்தலைப் பார்த்து, ஏதோ கேட்பதுபோல் ஹாரன் அடித்தது. "அண்ணா! ராஜாங்கம் அண்ணா! அண்ணா!" என்று ஜெகதீசன் மூன்று தடவை கூப்பிட்டார்.

ராஜாங்கம் திரும்பவில்லை. திரும்பினால் மூங்கில் அசையும். கழுத்தை முழுவதும் பின்னால் சாய்த்து, வாயைக்கூட மூட மறந்து, உச்சியில் ஆடும் வலைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'டிங்.'

கயிற்றைத் தளர்த்திப் பையை இறக்கினார். திரையைப் பார்த்தார். கீழே நின்ற ருக்குவிடம் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, கழுத்தைக் கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.